ஊசி தனியாகப் போகவில்லை: சீன வைத்தியத்தில் அக்குபஞ்சருக்கு என்ன இடம்?



ஒவ்வொரு இதழிலும் உடல்நலம் பற்றி ஒரு பாடம் படிக்கிறோம். இந்த இதழின் பாடம் எங்கள் குழுவில் ஒருவர் உள்கடன் கேட்டதில் ஆரம்பித்தது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். நாற்று நட்டு, களை எடுத்து இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. ஒரு வாரக் கூட்டத்தில் சேமிப்பைக் கட்டிவிட்டு, "எனக்கு ஆறாயிரம் கடன் வேணும். டவுன்ல ஊசி வைத்தியம் பார்க்கிறாங்க. பத்து தடவை போனா முட்டி வலி போயிடுமாம்" என்றார்.

"ஊசின்னா, டாக்டர் போடுற ஊசியாக்கா?"

"இல்லடி. அதுல மருந்தே கிடையாது. வெறும் ஊசி. சீனாக்காரங்க வைத்தியம்."

மூட்டு வலிக்கு யார்தான் கடன் இல்லை என்பார்கள்? பிரதிநிதி தீர்மான நோட்டைத் திறந்துவிட்டார். அப்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். "சர்க்கரை மாத்திரையைக்கூட நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. ஊசி எல்லாத்தையும் பார்த்துக்குமாம். மாத்திரை சாப்பிட்டா ஊசி வேலை செய்யாதுன்னு சொன்னாங்க."

கூட்டம் அமைதியாகிவிட்டது. அது சரியா தப்பா என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தீர்மானத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தோம். அதற்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். அக்காவுக்கு என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரிலேயே இரண்டு இருக்கு

அக்குபஞ்சர் என்பது வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். லத்தீன் மொழியில் ஊசி, குத்துதல் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து உண்டாக்கினார்கள். சீனத்தில் இதன் பெயர் 'சென் ஜியூ'. 'சென்' என்றால் ஊசி. 'ஜியூ' என்றால் மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது. ஆக, சீனாவில் பெயரைச் சொல்லும்போதே ஊசியோடு நெருப்பும் சேர்ந்தே வருகிறது.

சூடு காட்டுவதற்கு எடுக்கும் செடி நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். நாம் தலையில் வைக்கும் மரிக்கொழுந்து இருக்கிறதே, அதே இனத்தைச் சேர்ந்தது. இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கிச் சுருட்டிக் கொளுத்துவார்கள். அந்தக் காலத்தில் தோல் மேலேயே வைத்துத் தழும்பு விழும்படி சுட்டதும் உண்டு. இப்போது பெரும்பாலும் தோலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்துச் சூடு காட்டுகிறார்கள்.

ஊசி எப்படி இருக்கும்? டாக்டர் போடும் ஊசியில் உள்ளே துளை இருக்கும், அதன் வழியாக மருந்து இறங்கும். அக்குபஞ்சர் ஊசியில் துளை கிடையாது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பான கம்பி. சாதாரணமாக கால் மில்லிமீட்டர் தடிமன்தான். குத்தியபின் 20, 30 நிமிஷம் அப்படியே விட்டு எடுப்பார்கள். குத்திய இடத்தில் கனமாக, மரத்த மாதிரி, லேசாகக் கடுக்கிற மாதிரி இருக்கும்.

சீன வைத்தியத்தின் கணக்கு

சீன வைத்தியர்கள் உடம்பைப் பார்ப்பதற்கு ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உடம்பு முழுவதும் 'ச்சீ' என்ற ஒரு சக்தி ஓடுகிறது என்பார்கள். (நாம் முகம் சுளித்துச் சொல்கிற 'சீ' இல்லை!) வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது மாதிரி அது உடம்பில் சில வழிகளில் ஓடுகிறதாம். முக்கியமான வழிகள் 12. நுரையீரல், வயிறு, இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று உறுப்புகளின் பேரில் அவற்றுக்குப் பெயர். இதோடு உடம்பின் முன்பக்கம் நடுவில் ஒன்று, முதுகுப் பக்கம் நடுவில் ஒன்று. இந்த 14 வழிகளிலும் சேர்த்து 361 புள்ளிகள் என்பது இன்றைய கணக்கு.

வாய்க்காலில் அடைப்பு வந்தால் மேல் வயலில் தண்ணீர் தேங்கும், கடைமடை காயும். அதுபோல ச்சீ ஓடுவது தடைப்பட்டால் வலியும் நோயும் வரும், புள்ளியில் ஊசி குத்தினால் ஓட்டம் சரியாகும் என்பது அவர்கள் விளக்கம். 'யின்', 'யாங்' என்று இரண்டையும் சொல்வார்கள். குளிர்ச்சி, நிழல், ஓய்வு இதெல்லாம் யின். சூடு, வெயில், அசைவு இதெல்லாம் யாங். இரண்டும் சமமாக இருந்தால்தான் நலம். நம் வீட்டில் பாட்டிமார் "இது சூடு, அது குளிர்ச்சி" என்று சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள் இல்லையா, அவர்களுக்கு இந்தப் பேச்சு சட்டென்று புரிந்துவிடும்.

வைத்தியர் நோயாளியை நாலு விதமாகச் சோதிப்பார். முகத்தையும் நாக்கையும் பார்ப்பது, குரலையும் மூச்சையும் கவனிப்பது, கேள்வி கேட்பது, தொட்டுப் பார்ப்பது. தொட்டுப் பார்ப்பதில் நாடிதான் முக்கியம். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து மூன்று இடத்தில் பார்ப்பார்கள். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஊசியா, மருந்தா, இரண்டுமா என்று முடிவு.

கட்டை விரலே அளவுகோல்

புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முழம் கையை வைத்து அளப்பதால் ஆளுக்கு ஆள் மாறும். சீன வைத்தியத்தில் அளவு நோயாளியின் கையிலேயே இருக்கிறது. அவருடைய கட்டை விரல் அகலம்தான் ஒரு 'சுன்'. நாலு விரலைச் சேர்த்தால் மூன்று சுன். குழந்தைக்குக் குழந்தையின் விரல், பெரியவருக்குப் பெரியவரின் விரல். முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, வெளிப்பக்கம் ஒரு புள்ளி இருக்கிறது. பெயர் 'சு சான் லி'. வயிற்றுக் கோளாறுக்கும் அசதிக்கும் பேர்போன புள்ளி இது.

பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை

பாடத்தில் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சீன வைத்தியம் என்றாலே ஊசி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சீனாவில் அப்படி இல்லை. சீன வைத்தியம் ஒரு பெரிய குடும்பம். ஊசி அதில் ஒரு பிள்ளைதான்.

மூத்த பிள்ளை மூலிகை மருந்து. சீன வைத்தியத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். சுமார் 1,800 வருஷத்துக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் காய்ச்சல் நோய்களுக்கு எழுதி வைத்த கஷாயங்களை இன்றைக்கும் காய்ச்சுகிறார்கள். அதில் ஒன்றில் போடும் சாமானைக் கேளுங்கள்: லவங்கப்பட்டை இனத்து மரத்தின் குச்சி, இஞ்சி, அதிமதுரம், இலந்தை வகைப் பழம், பியோனி என்ற பூச்செடியின் வேர். ஐந்தில் நாலு நமக்குத் தெரிந்த பெயர்!

அடுத்த பிள்ளை கை வைத்தியம். 'துய்னா' என்று பெயர். பிடித்து, அழுத்தி, நீவி விடுவது. பிறகு குடுவையைச் சூடாக்கி முதுகில் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைப்பது ஒன்று. உணவே மருந்தாகச் சாப்பிடுவது ஒன்று. மெதுவாகக் கை கால் அசைத்து மூச்சை ஒழுங்கு செய்யும் பயிற்சி ஒன்று. இவ்வளவும் சேர்ந்ததுதான் சீன வைத்தியம்.

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சுன் சிமியாவ் என்ற பெரிய வைத்தியர் இருந்தார். அவர் எழுதிய நூலில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஊசி மட்டும் தெரிந்து சூடு காட்டத் தெரியாதவர் நல்ல வைத்தியர் ஆகமாட்டார். ஊசியும் சூடும் தெரிந்து மருந்து தெரியாதவர் இன்னும் மோசம் என்பது அவர் கருத்து. ஊசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மருந்தே வேண்டாம் என்று சொல்பவர்கள் சீனத்துப் பெரியவரின் பேச்சுக்கே எதிராகப் பேசுகிறார்கள்.

இரண்டாயிரம் வருஷக் கதை

சீனாவில் சாங்ஷா என்ற ஊர் அருகே 1973-ல் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய வைத்தியக் குறிப்புகள் கிடைத்தன. அதில் உடம்பில் 11 வழிகள் பற்றி எழுதியிருக்கிறது. சூடு காட்டுவது இருக்கிறது, ஊசியைக் காணோம். ஊசி வைத்தியத்தை விவரமாகச் சொல்லும் பழைய நூல் 'மஞ்சள் பேரரசர்' பேரில் உள்ளது. இதைச் சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் பலர் சேர்ந்து தொகுத்தார்கள். அதில் ஒன்பது வகை ஊசி சொல்லப்பட்டிருக்கிறது. சில ஊசிகள் கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கத்தான்.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்பவர் வாத நோயால் அவதிப்பட்டார். தன் நோயைப் புரிந்துகொள்ள நூல்களைப் படிக்க ஆரம்பித்து, கடைசியில் ஊசிக்கும் சூட்டுக்கும் தனி நூலே தொகுத்துவிட்டார். வலி வந்தவர் வாத்தியாராகிவிட்டார்!

1027-ஆம் வருஷம் நடந்தது இன்னும் சுவாரசியம். வாங் வெய்யி என்ற வைத்தியர் அரசரின் உத்தரவுப்படி ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கலப் பொம்மைகள் வார்த்தார். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகத் துளை. பரீட்சை நாளில் பொம்மைக்கு மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம். மாணவர் சரியான புள்ளியில் குத்தினால் தண்ணீர் வரும், தவறினால் ஊசி இறங்காது. பரீட்சை வைத்துத்தான் வைத்தியரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நாமும் ஊசி வைத்தியரிடம் "எங்கே படிச்சீங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி வைத்தியம் சீனாவிலேயே தாழ்ந்துபோன காலமும் உண்டு. 1822-ல் அன்றைய பேரரசர், ராஜ வைத்தியசாலையில் இனி ஊசியும் சூடும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். கிராமங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1929-ல் சீன வைத்தியம் முழுவதையுமே ஒழிக்கலாம் என்று அரசுக் குழுவில் தீர்மானம் வந்தது. வைத்தியர்கள் ஷாங்காய் நகரில் திரண்டு எதிர்த்ததால் அது நடக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் செங் தான் ஆன் என்ற வைத்தியர் ஊசி முறையைத் திருத்தினார். தடித்த ஊசிக்குப் பதில் மெல்லிய ஊசி, ரத்தக் குழாயில் படாமல் புள்ளிகளைத் தள்ளி வைப்பது என்று மாற்றினார். இன்று நாம் பார்க்கும் மெல்லிய ஊசி அவர் போன்றவர்கள் திருத்திக் கொடுத்ததுதான்.

வெறுங்கால் டாக்டர்களும் ஒரு யுவான் சந்தாவும்

இந்தப் பகுதி நம் போன்ற குழுக்களுக்காகவே எழுதினது மாதிரி இருக்கும்.

1966-ல் சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் லெயுவான் என்ற மலைக்கிராமப் பகுதி. ஆஸ்பத்திரி தூரம், கையில் காசும் இல்லை. சின் சியாங்குவான் என்ற ஊர் வைத்தியர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு யுவான் (அவர்கள் ஊர் ரூபாய்) எல்லோரும் கட்ட வேண்டும். ஊர்ப் பொது நிதியிலிருந்தும் கொஞ்சம் சேர்ப்பார்கள். பிறகு யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து காசு கட்டினால் போதும். மூலிகையை மலையில் பறித்தார்கள், தோட்டத்தில் போட்டார்கள். 1968-ல் இந்தச் செய்தி சீனாவின் பெரிய பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதும் இதே மாதிரி பரவியது.

வைத்தியம் பார்த்தவர்கள் யார் தெரியுமா? அதே ஊர் விவசாயிகள். மூன்று மாதம், ஆறு மாதம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பாதி நேரம் வயல் வேலை, பாதி நேரம் வைத்தியம். சேற்றில் இறங்கிய காலோடு வருவதால் 'வெறுங்கால் டாக்டர்' என்று பெயர். 1970-களில் இவர்கள் 10 லட்சம் பேருக்கும் மேல். பெண்களும் நிறைய. பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், கிணறு கழிப்பறை சுத்தம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர்கள் பெட்டியில் என்ன இருந்தது? அக்குபஞ்சர் ஊசி இருந்தது, மூலிகை இருந்தது, அதோடு இங்கிலீஷ் மருந்தும் இருந்தது. தன்னால் முடியாத நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். சுன் சிமியாவ் காலத்திலும் ஊசி தனியாகப் போகவில்லை, வெறுங்கால் டாக்டர் பெட்டியிலும் தனியாகப் போகவில்லை.

1980-களில் கூட்டுப் பண்ணைகளைக் கலைத்தபோது இந்த ஏற்பாடும் சரிந்தது. ஒரு காலத்தில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில் இருந்த கூட்டு மருத்துவ நிதி, 1985 வாக்கில் நூற்றுக்கு ஐந்து கிராமத்தில்தான் மிஞ்சியது. 2003-ல் அரசு புது வடிவில் மறுபடி ஆரம்பித்தது. சேர்ந்து கட்டிய நிதி கலைந்தால் முதலில் அடிபடுவது வைத்தியச் செலவுதான் என்பது நமக்கும் தெரிந்த பாடமே.

இன்றும் சீனாவில் சீன வைத்திய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசிப் பிரிவு ஒரு பக்கம், மூலிகை மருந்தகம் ஒரு பக்கம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை ஒரு பக்கம் என்று எல்லாம் இருக்கும்.

சோதித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீஜிங் போனபோது குடல்வால் வீங்கி, அங்கேயே ஆபரேஷன் ஆனது. ஊசி குத்தியே அவரை மயக்கிவிட்டார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அது தப்பு. ஆபரேஷனுக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்துதான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வயிறு உப்பிக் கஷ்டப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தி, சூடும் காட்டினார்கள். அவர் எழுதியதைப் படித்த பிறகு அமெரிக்காவில் அக்குபஞ்சர் பேச்சு பெரிதாகக் கிளம்பியது.

பிறகு பல நாடுகளில் சோதனை செய்தார்கள். ஜெர்மனியில் இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சரியான புள்ளியில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 47 பேருக்குக் குணம் தெரிந்தது. இரண்டாவது பிரிவில் 44 பேருக்கு. மூன்றாவதில் 27 பேருக்கு.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது நிஜம். ஆனால் சரியான புள்ளி, தப்பான புள்ளி என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. படுத்து ஓய்வெடுப்பது, வைத்தியர் பொறுமையாகக் கவனிப்பது, 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை, இதற்கெல்லாமும் ஒரு பங்கு இருக்கிறது. ஊசி குத்தும்போது நம் உடம்பே 'எண்டார்பின்' என்ற வலி நிவாரணியைச் சுரக்கிறது என்று பீஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற பேராசிரியரும் மற்றவர்களும் காட்டினார்கள். ச்சீ ஓடும் வழிகளை மட்டும் உடம்பை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் கண்ணால் காணவில்லை.

மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல் தள்ளி, உள்பக்கம் இரண்டு நரம்பு மாதிரித் தெரியும் இடத்துக்கு நடுவில் ஒரு புள்ளி உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல், வாந்தி இந்தப் புள்ளியில் ஊசி குத்தினாலோ அழுத்தினாலோ குறைகிறது என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ ஆலோசனை சொல்லும் அரசு அமைப்பு அடிக்கடி வரும் தலைவலிக்கு ஊசியைப் பார்க்கலாம் என்று 2012-ல் சொன்னது. அதே அமைப்பு இடுப்பு வலிக்கு வேண்டாம் என்று 2016-ல் சொன்னது. ஆக, நோய்க்கு நோய் விடை மாறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், சில வலிகளும் குமட்டலும் ஊசியால் குறையலாம். தேய்ந்த மூட்டு மறுபடி வளராது. சர்க்கரை மாத்திரைக்கோ, இன்சுலினுக்கோ, ரத்த அழுத்த மாத்திரைக்கோ, காசநோய் மருந்துக்கோ பதிலாக ஊசி நிற்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

சீன வைத்தியம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய மருந்து எது என்று கேட்டால், அது ஒரு பெண் கண்டுபிடித்தது. தூ யூயூ என்ற விஞ்ஞானி 1969 முதல் மலேரியாவுக்கு மருந்து தேடினார். பழைய வைத்திய நூல்களில் நூற்றுக்கணக்கான மூலிகைகளைத் தேடிச் சோதித்தார். ஒரு செடி சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. 4-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். அப்படியானால் கொதிக்க வைப்பதால்தான் சத்து கெடுகிறதோ என்று குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அந்த மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செடியும் மரிக்கொழுந்து இனம்தான்! பழைய வைத்தியத்தை அவர் மதித்தார், ஆனால் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கவில்லை.

நம் நாட்டுக்கு வந்த வழி

1938-ல் ஜப்பான் சீனாமேல் படையெடுத்திருந்தபோது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் டாக்டர் கோட்னிஸ் அங்கேயே 1942-ல் இறந்துபோனார். இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் கற்று வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். அவர் ஏற்கெனவே படித்த டாக்டர் என்பதை மறக்க வேண்டாம். 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது.

நம் பக்கத்தில் சில இடங்களில் ஊசியே இல்லாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, அதையும் அக்குபஞ்சர் என்கிறார்கள். 'சென்' என்ற சொல்லுக்கே ஊசி என்றுதான் பொருள் என்பதை நினைவில் வையுங்கள்.

காசு கட்டுவதற்கு முன்னால்

1. எங்கே படித்தார், எத்தனை வருஷம் படித்தார் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

2. ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. கிருமி தொற்றலாம்.

3. மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு செலவு என்று முதலிலேயே கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். நாலைந்து தடவையில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் நிறுத்தி யோசியுங்கள்.

4. கர்ப்பமாக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சில புள்ளிகளைக் குத்தக் கூடாது என்று சீன வைத்தியமே சொல்கிறது. சர்க்கரையால் கால் மரத்திருந்தால் சூடு காட்டும்போது சுட்டாலும் தெரியாது, கவனம்.

5. மார்பிலோ முதுகிலோ ஊசி குத்திய பிறகு மூச்சு வாங்கினால், மார்பு வலித்தால் நுரையீரலில் பட்டிருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

6. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது, வாய் கோணுவது, ஆறாத புண், அதிக ரத்தப்போக்கு, இதற்கெல்லாம் முதலில் ஆஸ்பத்திரி. ஊசி வைத்தியம் அப்புறம்.

7. "மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும், அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அக்காவுக்கு என்ன ஆச்சு?

அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. நானும் பிரதிநிதியும் போனோம். சர்க்கரை 380 இருந்தது. நர்ஸம்மா காலைக் காட்டச் சொன்னார். வலது கால் பாதத்தில் கருவேல முள் குத்திப் புண் வைத்திருந்தது. மரத்துப்போன கால் என்பதால் அக்காவுக்கு அது தெரியவே இல்லை. "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றி, புண் ஆற மூன்று மாதம் ஆனது. மாத்திரைக்கோ கட்டுக்கோ காசு வாங்கவில்லை. வேலைக்குப் போகாத நாள் கூலிதான் நஷ்டம்.

புண் ஆறிய பிறகு அக்கா மறுபடி கேட்டார். "முட்டி வலி அப்படியேதான் இருக்கு. ஊசி போட்டுப் பார்க்கவா?" இந்தத் தடவை டாக்டரிடமே கேட்டோம். "மாத்திரையை விடாம, புது ஊசியா பார்த்து, படிச்சவங்ககிட்ட போறதா இருந்தா போங்க. தொடை பலமாகிற உடற்பயிற்சியையும் விடாதீங்க" என்றார். குழு மூவாயிரம் மட்டும் கொடுத்தது. வேறு ஒரு வைத்தியரிடம் ஆறு தடவை போனார். இப்போது கேட்டால், "முழுசா போகல. ஆனா ராத்திரி தூக்கம் வருது, பஸ்ல ஏற முடியுது" என்கிறார். அது ஊசியாலா, உடற்பயிற்சியாலா, இரண்டும் சேர்ந்தா என்று எங்களுக்குத் தெரியாது. கடனை ஐந்து தவணையில் கட்டி முடித்துவிட்டார்.

எங்கள் தீர்மான நோட்டில் அன்றிலிருந்து ஒரு வரி இருக்கிறது: மருத்துவக் கடன் கேட்கும் உறுப்பினர், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எது, அதை நிறுத்தினாரா இல்லையா என்பதைக் குழுவில் சொல்ல வேண்டும். உங்கள் குழுவிலும் இதைப் பேசிப் பாருங்கள்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் யார்? யாராவது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா? ஏன்?

2. சீன வைத்தியக் குடும்பத்தில் ஊசியைத் தவிர வேறு என்னென்ன இருக்கிறது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள்.

3. வருஷத்துக்கு ஒரு யுவான் கட்டிய லெயுவான் மக்களைப் போல, நம் குழுவில் அவசர மருத்துவ நிதி ஒன்று வைக்க முடியுமா? ஆளுக்கு எவ்வளவு?

4. காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய ஏழில், நம்மால் கேட்கத் தயக்கமாக இருப்பது எது? அதைக் கேட்கத் துணைக்கு யார் வருவார்கள்?

படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே!